கீழ்நாட்டு ஜெட்

தெருமுனை திரும்பும் முன்பே புகை வந்துவிட்டது.
வண்டி பிறகுதான் வந்தது.
வண்டி நின்றும் நிற்காத மூச்சிரைப்போடு
மேலே ஒருவன்.
எதிர்க்கடை நிகோலாசா
பொரித்த கோழியை அவசரமாய் மூடிவைத்துக் கத்தினாள்:
"ஹுஸ்தா, உன் ஆள் அடுப்போடு வந்திருக்கிறான்!"

பெயர் வில்ஃப்ரான். ஊர் மொன்தேரோ.
கரும்பும் கொசுவும் கொழுத்த காற்றும் உள்ள கீழ்நாடு.
சரக்கு லாரியில் வண்டியோடு ஏறி
எல் ஆல்ட்டோ வந்து பதினேழு நாள்.

சைலன்ஸர் வாயில் விரலை விட்டேன்.
கருப்பட்டிப் பாகுபோல் இழுபட்டது.
பின்டயரின் முள்ளில், மட்கார்டின் அடியில்,
அவன் சட்டை முதுகில்கூட
கரும்புள்ளி கரும்புள்ளி.
"பிஸ்டன் போயிற்றா?" என்றான்,
சாவு வீட்டு வாசலில் கேட்கும் குரலில்.

பிளக்கைக் கழற்றினேன்.
டீக்கறை நிறத்தில் இருக்கவேண்டியது
நனைந்த கரியாய் இருந்தது.
"எண்ணெய் எவ்வளவு கலக்கிறாய்?"
"முப்பத்திரண்டுக்கு ஒன்று...
குளிர் ஊர் என்று, கூட ஒரு மூடி."
கூட ஒரு மூடி!
பாசத்தில் கெட்ட எஞ்சின்கள்தான்
எனக்குச் சோறு போடுகின்றன.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணம் திறந்து
மொச்சைக்கொட்டை அளவுப் பித்தளையை
வெயிலில் தூக்கிப் பிடித்தேன்: நூற்று எழுபத்தெட்டு.
கீழே கிடக்கும் காற்றுக்கென்று துளைத்த துளை.
இங்கே காற்று, பாதிக்குக் கொஞ்சம் மேல்.
"பந்திக்குப் பாதிப்பேர் வரவில்லை,
நீ சோறு முழுதும் வடித்துவிட்டாய்.
மிஞ்சியதுதான் உன் முதுகில்" என்றேன்.

நூற்று அறுபத்திரண்டைப் போட்டு உதைத்தேன்.
புகை இளைத்தது. நிற்கவில்லை.

குழாயில் ஊறிய பழைய எண்ணெய்
நோய் தீர்ந்த பின்னும் புகையும்; அதை நம்பி
எத்தனையோ நல்ல எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறேன்.
இந்தமுறை முதலில் குழாயைக் காய்ச்சினேன்,
சைலன்ஸர் பஞ்சை மாற்றினேன்.
மறுபடி உதைத்தேன்.
வெள்ளையாய், மெல்லிசாய், விடாப்பிடியாய்
இன்னும் ஒரு நூல்.

குனிந்து மோந்தேன்.
பெட்ரோல் இல்லை. கலந்த எண்ணெயும் இல்லை.
எரியக்கூடாத ஏதோ எரிகிற வாடை.
"கியர் ஆயில்?"
"கிளம்பும் முந்தினநாள். அளந்து ஊற்றினேன், எழுநூறு."

மகள் பால் குடித்து வளர்ந்த புட்டியில் வடித்தேன்
(அதைத் தேடுகிறாள், சொல்லிவிடாதீர்கள்).
ஐந்நூற்று இருபது.
இருவரும் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
வெளியே எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.
கிராங்க் ஓரத்து ரப்பர் சீலில்
நகக்கீறல் அளவு வெடிப்பு.
மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தரமும்
பக்கத்து அறையிலிருந்து ஒரு மிடறு
திருட்டுத்தனமாய்க் குடித்திருக்கிறது.

"என்ன ஆகும்?"
"நிகோலாசாவிடம் இரண்டு தட்டுச் சாப்பாடு விலை.
என் கூலி வேறு."
சிரித்தான். சிரித்ததில் மூச்சு முட்டிப்
படியில் உட்கார்ந்துவிட்டான்.
கோக்கா இலை போட்டு வெந்நீர் கொடுத்தேன்.
மனிதருக்கு ஜெட் மாற்ற முடியாது.
உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும்.

இல்லிமானி சிவக்கும் நேரத்தில் இரண்டாம் உதைக்குப் பிடித்தது.
கொஞ்சம் நீலம்.
இந்த ஜாதி எஞ்சினுக்கு அவ்வளவு இருக்கவேண்டும்,
அதுவும் இல்லையென்றால் அப்போது பயப்படு.
சைலன்ஸர் முன் பழைய நாளிதழைப் பிடித்தேன்.
ஏறத்தாழ சுத்தம். ஏறத்தாழ போதும்.

"அந்தப் பழைய ஜெட்டை வைத்திரு" என்றான்,
"டிசம்பரில் கீழே போகும்போது வேண்டும்."
எந்த டிசம்பர் என்று கேட்கவில்லை.
சீட்டில் பெயரும் ஊரும் எழுதிச் சுற்றி
பால்பவுடர் டப்பாவில் போட்டேன்.
உள்ளே ஏற்கெனவே
த்ரினிதாத் ஒன்று, யாபகானி ஒன்று,
ரிபெரால்ட்டா மூன்று,
எண்ணெய் பட்டு எழுத்து அழிந்தது ஒன்று.